எம்ஆர்பிஎல்12 ரீகாம்பினன்ட் புரதம் வந்திருக்கு, செல் மீடியாவுல ஊத்தினா வேலை செய்யுமா?

உட்லண்ட்ஸ் கவின்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணிட்டு இருக்கேன், சிங்கப்பூர் ஒன்-நார்த் பக்கம் ஒரு லேப். ப்ராஜெக்ட் என்னன்னா ஹீலாங்கற மனுஷ செல்லுல எம்ஆர்பிஎல்12ங்கற மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் புரதத்தை எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனோட எம்ஆர்என்ஏவை அழிக்கிற குட்டி ஆர்என்ஏ) போட்டு குறைக்கணும், குறைச்சா மைட்டோகாண்ட்ரியா தானே தயாரிக்கிற காக்ஸ்1 மாதிரி புரதம் எல்லாம் எப்படி இறங்குதுன்னு பாக்கணும், அப்புறம் அந்தப் புரதத்தைத் திருப்பிக் குடுத்து சரியாகுதான்னு காட்டணும் (இதுக்குப் பேருதான் ரெஸ்க்யூ). இந்தக் கடைசி ஸ்டெப்புக்காக சூப்பர்வைசர் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியா ரீகாம்பினன்ட் ஹியூமன் எம்ஆர்பிஎல்12 வாங்கிக் குடுத்தாரு, 10 மைக்ரோகிராம், ஜிஎஸ்டி எல்லாம் சேத்து பாத்தா அந்தச் சின்ன டியூப் விலைக்கு எங்க வீட்டுல ஒரு மாசம் மளிகை வாங்கிடலாம்.

டேட்டாஷீட்ல இருக்கறது: ஈ.கோலையில தயாரிச்சது, அமினோ அமிலம் 46 முதல் 198 வரை, முன்னாடி ஹிஸ் டேக் (பிரிச்செடுக்கறதுக்காக ஒட்டற ஹிஸ்டிடின் துண்டு), 20 மில்லிமோலார் ட்ரிஸ் பிஹெச் 8, உப்பு, 10% கிளிசரால், 1 மில்லிமோலார் டிடிடி (ரெட்யூஸ் பண்ற கெமிக்கல்), செறிவு 0.5 மில்லிகிராம் ஒரு மில்லிக்கு. ஆய்வுக்கூட உபயோகத்துக்கு மட்டும்னு பெருசா போட்டிருக்கு.

கேள்வி ஒவ்வொண்ணா கேக்கறேன். ஒண்ணு, இதை அப்படியே மீடியாவுல ஊத்தினா செல்லுக்குள்ள போய் வேலை செய்யுமா, எவ்வளவு நானோமோலார் போடலாம்? ரெண்டு, வெஸ்டர்ன் ப்ளாட்ல (ஜெல்லுல எடைப்படி பிரிச்சு ஆன்டிபாடி வெச்சு புரதத்தைப் பாக்கறது) செல் லைசேட்டுக்கு, அதாவது உடைச்ச செல் சாறுக்குப் பக்கத்துலயே இதைக் கொஞ்சம் ஏத்திப் பாத்தேன், இது செல்லோட பேண்டை விட மேல நிக்குது, செல்லுல வேற ரெண்டு பேண்டு ஒட்டி ஒட்டி வருது, அப்ப தப்பான புரதத்தை அனுப்பிட்டாங்களா? மூணு, நானோட்ராப்ல (ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்து செறிவு சொல்ற மெஷின்) வெச்சா டேட்டாஷீட்ல சொன்னதுல கால்வாசி கூட வரல. நாலு, பெட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கீழ ரிசெப்ஷன்லயே கிடந்திருக்கு, திங்கக்கிழமை திறந்தப்ப ஜெல் பேக் எல்லாம் தண்ணியா இருந்துச்சு, நம்ம ஊரு வெயிலுக்கு உள்ள இருக்கறது செத்துருக்குமா?

சூப்பர்வைசர் கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்காரு, வர்றதுக்குள்ள ஏதாவது காட்டணும், ப்ளீஸ் ஹெல்ப்.

வெஸ்டர்ன் ப்ளாட் விரோதி:

கவின், ஊத்தாத. முதல்ல டியூபைத் தூக்கி மைனஸ் 20ல வை, பொறுமையா பேசலாம்.

உன் நாலு கேள்வியில ரெண்டுக்கு பதில் அந்த "46 முதல் 198 வரை"ங்கற ஒரே வரியில இருக்கு. எம்ஆர்பிஎல்12 ஜீன் இருக்கறது நியூக்ளியஸ்ல. மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த டிஎன்ஏ மொத்தமே 16,569 பேஸ் ஜோடிதான், அதுல 37 ஜீன், 22 டிஆர்என்ஏவுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு, புரதத்துக்குன்னு வெறும் 13. அந்த 13 புரதத்தைத் தயாரிக்கிற ரைபோசோமுக்கு 80க்கும் மேல புரதம் வேணும், அதுல ஒண்ணைக்கூட மைட்டோகாண்ட்ரியா தானா பண்ணிக்கறதில்ல, எல்லாமே வெளிய சைட்டோசால்ல தயாராகி உள்ள இறக்குமதி ஆகணும். இறக்குமதி ஆகறதுக்கு முன்னாடி எம்ஆர்பிஎல்12ல 45 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு அட்ரஸ் சீட்டு ஒட்டியிருக்கும், வெளிச்சவ்வுல டாம்ங்கற வாசல், உள்சவ்வுல டிம்23ங்கற வாசல், ரெண்டையும் தாண்டி மேட்ரிக்ஸுக்குள்ள வந்ததும் எம்பிபிங்கற புரோட்டியேஸ் அந்தச் சீட்டைக் கிழிச்சுடும்.

நீ வாங்கினது சீட்டு ஏற்கனவே கிழிச்ச சரக்கு, 46ல இருந்து ஆரம்பிக்குது பாரு. மீடியாவுல ஊத்தினா முதல்ல செல் சவ்வையே தாண்டாது, அது ஒண்ணும் ஹார்மோன் இல்ல ரிசெப்டரைப் பிடிச்சு சிக்னல் குடுக்க. எண்டோசைட்டோசிஸ்ல கொஞ்சம் உள்ள போனாலும் லைசோசோம்ல ஜீரணமாகிடும். எப்படியோ சைட்டோசாலுக்கு வந்துடுச்சுன்னே வெச்சுக்கோ, சீட்டு இல்லாம டாம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதனால எத்தனை நானோமோலார் போடலாம்னு கேட்டா பதில், எத்தனை போட்டாலும் ஒண்ணுதான். இன்னொண்ணு, ஈ.கோலை சரக்குல எண்டோடாக்சின் கொஞ்சம் ஒட்டிட்டு வரும், ஹீலா பெருசா கண்டுக்காது, ஆனா நாளைக்கு மேக்ரோஃபேஜ் மாதிரி எதுலயாவது போட்டீன்னா செல் எகிறி குதிக்கும், நீ அதைப் பாத்து எம்ஆர்பிஎல்12 எஃபெக்ட்னு போஸ்டர் அடிச்சுடுவ.

ரெண்டாவது கேள்வி. அனுப்பினது சரியான புரதமாதான் இருக்கும். மெச்சூர் எம்ஆர்பிஎல்12 சுமார் 16, 17 கிலோடால்டன், ஹிஸ் டேக் அதோட லிங்க்கர் எல்லாம் சேத்து இன்னொரு 2 கிலோடால்டன் கூடும். 15க்கும் 20க்கும் நடுவுல 2 கிலோடால்டன்னா ஜெல்லுல கண்ணுக்கு நல்லாவே தெரியும், அதான் மேல நிக்குது. அது போக இந்தக் குடும்பத்துப் புரதம் சிலது எஸ்டிஎஸ் ஜெல்லுல கணக்கு எடையை விட மேல ஓடும், மார்க்கரை வெச்சு ஒரு கிலோடால்டன் ரெண்டு கிலோடால்டனுக்கெல்லாம் சண்டை போடாத.

செல்லுல ரெண்டு பேண்டு வர்றதுக்கு சந்தோஷப்படு, உன் ஆன்டிபாடி நல்லா இருக்கு. எம்ஆர்பிஎல்12 உள்ள வந்ததும் எம்பிபி ஒரு தடவை வெட்டும், அதுக்கப்புறம் எம்ஐபிங்கற இன்னொரு புரோட்டியேஸ் சிலதை மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டும், அதனால நீளம் ஒண்ணு குட்டை ஒண்ணுன்னு ரெண்டு மெச்சூர் வடிவம். 2016ல ஜேபிசிங்கற பயோகெமிஸ்ட்ரி ஜர்னல்ல வந்த பேப்பர்ல இதைத் தெளிவா காட்டியிருக்காங்க. எம்ஆர்பிஎல்10ஐக் குறைச்சா நீளமானது மட்டும் சிதையுது, போலார்எம்டிக்கு (மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏவைத் தயாரிக்கிற என்சைம்) ஒண்ணும் ஆகல. எம்ஆர்பிஎல்12ஐயே குறைச்சா போலார்எம்டி நிலைக்க மாட்டேங்குது. அதை வெச்சு நீளமானது ரைபோசோமுக்கு, குட்டை போலார்எம்டி பக்கம்னு அவங்க சொல்றாங்க. உன் ப்ராஜெக்டுக்கு இது முக்கியம், ஏன்னா நீ நாக்டவுன் பண்ணா, அதாவது எஸ்ஐஆர்என்ஏ போட்டுக் குறைச்சா, ட்ரான்ஸ்லேஷன் (புரதம் தயாரிக்கிறது) மட்டும் இறங்காது, மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏவே இறங்கலாம். காக்ஸ்1 புரதம் குறைஞ்சிருக்குன்னு காட்டறப்ப எம்ஆர்என்ஏ அளவையும் க்யூபிசிஆர்ங்கற டெஸ்ட்ல பாத்து வை, இல்லன்னா வைவாவுல எக்ஸாமினர் முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.

தேக்கா புரோட்டீன்காரன்:

அக்கா சொன்னதுல எல்லாம் ஓகே, நானோட்ராப் விஷயத்தை நான் எடுத்துக்கறேன், நமக்கு சோறு போடறதே புரதம் சுத்தம் பண்ற வேலைதான்.

தம்பி, நானோட்ராப்ல 280 நானோமீட்டர் ஒளியில நீ பாக்கறது புரதத்தை இல்ல, அதுல இருக்கற ட்ரிப்டோபேன் டைரோசினை. எம்ஆர்பிஎல்12 பாக்டீரியாவோட எல்7/எல்12 குடும்பம், ஈ.கோலை எல்7/எல்12ல ட்ரிப்டோபேனும் கிடையாது டைரோசினும் கிடையாது, 280ல அது கிட்டத்தட்ட தண்ணி மாதிரி தெரியும். மனுஷனோடது அந்த அளவுக்கு இல்லன்னாலும் அரோமேட்டிக் கம்மிதான். டேட்டாஷீட்ல இருக்கற சீக்வென்ஸை டேக்கோட சேத்து காப்பி பண்ணி ப்ராட்பராம்ங்கற வெப் டூல்ல போடு, எக்ஸ்டிங்ஷன் கோஎஃபிஷியன்ட் (எவ்வளவு ஒளி உறிஞ்சும்ங்கற எண்) எவ்வளவு சின்னதுன்னு நீயே பாப்ப. மெஷின்ல சும்மா "1 ஏபிஎஸ் = 1 மில்லிகிராம்" செட்டிங்ல வெச்சு அளந்தா கால்வாசி இல்ல, அதுக்கும் கீழ கூட வரும். கூடவே டிடிடி பழசாகி ஆக்சிடைஸ் ஆனா அதுவே 280ல கொஞ்சம் உறிஞ்சும், ப்ளாங்குக்கு வெறும் தண்ணி வெச்சியா அதே பஃபர் வெச்சியான்னு பாரு.

பிசிஏன்னு செம்பை வெச்சு புரதம் அளக்கற டெஸ்ட் பண்ணலாம்னு நினைக்காத, டிடிடி இருந்தா செம்பை அதுவே ரெட்யூஸ் பண்ணி கலர் காட்டிடும். பிராட்ஃபோர்டுங்கற சாய டெஸ்ட் டிடிடியைத் தாங்கும், ஆனா அது அர்ஜினைன் லைசினைப் பொறுத்து மாறும், பிஎஸ்ஏங்கற (மாட்டு ரத்தப் புரதம்) ஸ்டாண்டர்டு வெச்சு வர்ற நம்பரை உத்தேசமா எடுத்துக்கோ. உன்கிட்ட மொத்தமே 20 மைக்ரோலிட்டர்தான் இருக்கு இல்ல, 10 மைக்ரோகிராமை 0.5ஆல வகுத்தா அவ்வளவுதான். அதுல பாதியை அளக்கறதுக்கே செலவு பண்ணாத. இருக்கறதுலயே நல்ல வழி: 100, 200, 400 நானோகிராம் பிஎஸ்ஏ பக்கத்துல இதுல 200 நானோகிராம்னு நீ நினைக்கிறதை ஜெல்லுல ஏத்தி கூமாஸி சாயம் போடு. ஒரே ஜெல்லுல செறிவும் தெரியும், சுத்தமா இருக்கான்னும் தெரியும், பெட்டி வெயில்ல கிடந்ததுல ஏதாவது துண்டாகியிருந்தா கீழ சின்னச் சின்ன பேண்டா அதுவும் தெரியும். அதுக்கு முன்னாடி கேரியர் புரதம் சேத்திருக்காங்களான்னு டேட்டாஷீட்ல தேடு, பிஎஸ்ஏ கலந்த சரக்கா இருந்தா மொத்தப் புரதம் அளக்கறதுக்கே அர்த்தம் இல்ல, ஜெல்லுல 66ல ஒரு பெரிய குண்டு நிக்கும்.

டியூபைத் திறக்கறதுக்கு முன்னாடி கோல்டு சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சின்ன ஸ்பின் குடு. ஷிப்பிங்ல ஆடி ஆடி பாதி மூடியிலதான் ஒட்டியிருக்கும், கிளிசரால் இருக்கறதால தேன் துளி மாதிரி மூடி உள்பக்கம் பிடிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாம துடைச்சுப் போட்டா பத்துல அஞ்சு போச்சு.

உட்லண்ட்ஸ் கவின்:

ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. அப்ப சூப்பர்வைசர் சொன்ன ரெஸ்க்யூ இந்தப் புரதத்தை வெச்சு நடக்கவே நடக்காதா? லிப்பிட் மாதிரி ஏதாவது வெச்சு புரதத்தைச் செல்லுக்குள்ள தள்றதுக்கு ரீஏஜென்ட் இருக்குன்னு படிச்சேன். இல்லன்னா நேரா மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிச்செடுத்து அதோட சேத்து வெச்சா உள்ள போகாதா?

வெஸ்டர்ன் ப்ளாட் விரோதி:

ரீஏஜென்ட் வெச்சு செல்லுக்குள்ள தள்ளலாம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தள்ள முடியாது, அதான் மேலயே சொன்னேன் சீட்டு இல்ல. பிரிச்செடுத்த மைட்டோகாண்ட்ரியாவுலயும் அதே கதைதான். இம்போர்ட் அஸே பண்ணணும்னா முழு நீளம், 1ல இருந்து 198 வரை, ராபிட் ரெட்டிகுலோசைட் லைசேட்ல எஸ்35 மெத்தியோனின் போட்டுத் தயாரிச்சு மைட்டோகாண்ட்ரியாவோட சேக்கணும், ஒரு டியூப்ல சிசிசிபி போட்டு மெம்ப்ரேன் பொட்டென்ஷியலைக் கொன்னு நெகட்டிவ் கன்ட்ரோல், கடைசியில புரோட்டினேஸ் கே போட்டு வெளிய ஒட்டினதைக் கழிக்கணும். அது தனி ப்ராஜெக்ட், உன் செமஸ்டருக்குள்ள முடியாது, ரேடியோஆக்டிவ் ட்ரெய்னிங் வேற வேணும்.

ரெஸ்க்யூன்னா ஜீனைக் குடுக்கணும், புரதத்தை இல்ல. ரெண்டு வழி. எஸ்ஐஆர்என்ஏவை 3 பிரைம் யூடிஆர்ல (எம்ஆர்என்ஏவோட கடைசியில புரதமா மாறாத பகுதி) டார்கெட் பண்ற மாதிரி எடுத்துட்டு, பிளாஸ்மிட்ல கோடிங் பகுதி மட்டும் குடு, அப்ப எஸ்ஐஆர்என்ஏ உன் பிளாஸ்மிட்டைத் தொடாது. இல்ல ஏற்கனவே வாங்கின எஸ்ஐஆர்என்ஏ கோடிங் பகுதியில இருந்தா அந்த இடத்துல மட்டும் சைலன்ட் மாற்றம் (புரதம் மாறாம டிஎன்ஏ எழுத்தை மட்டும் மாத்தறது) போட்டு எடு. எதுவா இருந்தாலும் டேகை சி-முனையில வை. முன்னாடி வெச்சா ஒண்ணு சீட்டை மறைக்கும், இல்ல சீட்டோட சேந்து வெட்டுப்பட்டுப் போயிடும், நீ ஃபிளாக் ஆன்டிபாடி போட்டுட்டு ஒண்ணுமே வரலன்னு ராத்திரி பூரா உக்காந்திருப்ப. சி-முனையிலயும் ஜிஎஃப்பி மாதிரி பெருசா வைக்காத, எல்7/எல்12 குடும்பத்துல சி-டொமைன்தான் ட்ரான்ஸ்லேஷன் ஃபாக்டரைக் கூப்பிட்டு ரைபோசோம்ல உக்கார வைக்கிற பக்கம். ஃபிளாக் சின்னது, ஓகே.

ரீட்அவுட்டுக்கு காக்ஸ்1, காக்ஸ்2 பாரு, பக்கத்துல காம்ப்ளெக்ஸ் 2ல இருக்கற எஸ்டிஹெச்ஏ புரதத்தையும் கண்டிப்பா போடு. காம்ப்ளெக்ஸ் 2 முழுக்க முழுக்க நியூக்ளியஸ் ஜீன்ல இருந்து வர்றது, மைட்டோரைபோசோம் படுத்தாலும் அது நிக்கும். காக்ஸ்1 இறங்கி எஸ்டிஹெச்ஏ நின்னா உன் கதை நிக்கும், ரெண்டும் சேந்து இறங்கினா செல்லே சாகுதுன்னு அர்த்தம். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு நாக்டவுன் பண்ணாத செல்லுல ரெண்டு நாள் குளோராம்ஃபெனிகால் போடு, மைட்டோரைபோசோமைத்தான் அது அடைக்கும், சைட்டோசால் ரைபோசோமைத் தொடாது. அவசரப்படாத, ஏற்கனவே உக்காந்திருக்கற ஆக்ஸ்பாஸ் (ஆக்சிஜன் வெச்சு ஏடிபி தயாரிக்கிற) காம்ப்ளெக்ஸ் எல்லாம் நிதானமாதான் கரையும், ட்ரான்ஸ்ஃபெக்ட் பண்ண மறுநாளே லைஸ் பண்ணிட்டு "வித்தியாசம் இல்ல"ன்னு வராத. ஹீலா குளுக்கோஸ்ல சொகுசா கிளைக்காலிசிஸ்ல ஓடும், மைட்டோகாண்ட்ரியா பழுதானாலும் வளரும். குளுக்கோஸுக்குப் பதிலா காலக்டோஸ் மீடியாவுல போட்டாதான் வளர்ச்சியில வித்தியாசம் தெரியும்.

பொங்கோல் பெருசு:

தம்பி கவின், நான் லேப் மேனேஜரா இருந்து இப்ப ஓய்வு, சயின்ஸை இவங்க பாத்துக்குவாங்க, பெட்டி விஷயத்தை நான் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு வந்து கீழ கிடக்கறது இந்த ஊர்ல புதுசு இல்ல. கூரியர்காரருக்கு வேலை ரிசெப்ஷனோட முடிஞ்சுது, ரிசெப்ஷன்ல இருக்கறவங்களுக்கு அது புரதமா பிரியாணியான்னு தெரியாது. ஆர்டர் போடறப்பவே டெலிவரி குறிப்புல திங்கள்ல இருந்து புதன் வரைக்கும் மட்டும்னு எழுதச் சொல்லணும், சீனப் புத்தாண்டு தீபாவளி மாதிரி பொது விடுமுறை வர்ற வாரத்துல ஆர்டரே போடக் கூடாது. பெட்டி மேல ரூம் நம்பரும் வாங்கறவர் பேரும் இருக்கணும், சூப்பர்வைசர் பேரு மட்டும் இருந்தா அவர் வெளியூர் போயிருக்கறப்ப யாரும் எடுத்துட்டு வர மாட்டாங்க.

இப்ப நடந்தது நடந்துபோச்சு. பயப்படற அளவுக்கு இல்லன்னு நினைக்கிறேன். இந்த மாதிரி கிளிசரால் போட்ட திரவ புரதத்தை நிறைய பேர் வெறும் ஜெல் பேக்லதான் அனுப்பறாங்க, டேட்டாஷீட்லயும் 4 டிகிரியில ரெண்டுல இருந்து நாலு வாரம்னு பொதுவா போட்டிருப்பாங்க. லாபி ஏர்கான்ல ரெண்டு நாள் கிடந்தா மோசம்தான், ஆனா உடனே செத்துடும்னு இல்ல. பெட்டி, உருகின ஜெல் பேக், டியூப் லேபிள், டெலிவரி ஆர்டர்ல இருக்கற தேதி நேரம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வை, லாட் நம்பரோட அன்னைக்கே ஈமெயில் போடு. அந்த லாட்டோட அனாலிசிஸ் சர்டிஃபிகேட்டையும் அதுலயே கேளு, அவங்க எடுத்த ஜெல் படம் அதுல இருக்கும். தேக்கா தம்பி சொன்ன கூமாஸி ஜெல்லை ஓட்டி ரெண்டையும் பக்கத்துல வெச்சா பேச்சுவார்த்தைக்கு ஆதாரம். ஜெல் நல்லா இருந்தா விட்டுடு, துண்டாகியிருந்தா மாத்தித் தரச் சொல்லு. ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டா யாரும் தர மாட்டாங்க.

பிரிச்சு வைக்கிறப்ப 20 மைக்ரோலிட்டரை லோ-பைண்ட் டியூப்ல நாலா பிரி, ஒண்ணை 4 டிகிரியில வெச்சு உபயோகி, மத்ததை ஃப்ரீசர்ல வை. ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் வேணாம், அது அடிக்கடி சூடாகி சூடாகித்தான் ஐஸைக் கரைக்கும். உருக்கி உறைய வெச்சு உருக்கி உறைய வெச்சு விளையாடாத.

இன்னொரு விஷயம், அந்தம்மா ஜீனைக் குடுன்னு சொன்னாங்க இல்ல. புரத டியூப் வாங்கினதுக்கு பயோசேஃப்டி பேப்பர் ஒண்ணும் பெருசா கிடையாது, அது உயிரும் இல்ல ஜிஎம்ஓவும் இல்ல. ஆனா லென்டிவைரஸ் வெச்சு ஸ்டேபிள் லைன் பண்றேன்னு கிளம்பினா உங்க நிறுவனத்து ஐபிசி, அதாவது பயோசேஃப்டி கமிட்டி அனுமதி வேணும், பிஎஸ்எல்-2 ரூம் வேணும். செமஸ்டர் முடியறதுக்குள்ள அந்தக் கமிட்டி கூடுமான்னு முதல்ல விசாரி. சாதா பிளாஸ்மிட் ட்ரான்ஸ்ஃபெக்ஷன்னா உங்க லேபோட இருக்கற அனுமதியிலயே அடங்கும், இருந்தாலும் சேஃப்டி ஆஃபீசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு.

ஜூரோங் ஜீவா:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும், நான் ஐடி ஆளு, பொண்ணு ஜேசியில (ஜூனியர் காலேஜ்) பயாலஜி எடுக்கறா, அவளுக்காக இந்தப் பக்கம் வந்தேன். ஒரு சந்தேகம், மைட்டோரைபோசோமோட சின்ன பாதி 28எஸ்ஸும் பெரிய பாதி 39எஸ்ஸும் சேந்தா 55எஸ்னு அவ நோட்ஸ்ல இருக்கு, 67தானே வரணும், டீச்சர் தப்பா எழுதிட்டாங்களா?

தேக்கா புரோட்டீன்காரன்:

சரியாதான் எழுதியிருக்காங்க ஜீவாண்ணே. எஸ்ங்கறது எடை இல்ல, சென்ட்ரிஃப்யூஜ்ல எவ்வளவு வேகமா கீழ இறங்குதுங்கற கணக்கு. வடிவமும் அதுல சேரும், ரெண்டும் ஒட்டிக்கிட்டா வெளிய தெரியற பரப்பு குறையுது, அதனால கூட்டினா வராது. பாக்டீரியாவுல 30ம் 50ம் சேந்து 70 ஆகற மாதிரிதான்.

பொண்ணுகிட்ட இதையும் சொல்லுங்க, மனுஷ மைட்டோரைபோசோமோட பெரிய பாதி 2014லயும் முழுசு 2015லயும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வடிவம் எடுத்தது கேம்பிரிட்ஜ்ல வெங்கி ராமகிருஷ்ணன் லேப். நம்ம சிதம்பரத்துல பொறந்தவர், ரைபோசோமுக்காக 2009ல கெமிஸ்ட்ரி நோபல், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் கூட பங்கு. அந்தப் படத்துல வேடிக்கை என்னன்னா, மத்த ரைபோசோம்ல 5எஸ் ஆர்என்ஏ உக்காந்திருக்கற இடத்துல மனுஷ மைட்டோரைபோசோம் ஒரு டிஆர்என்ஏவைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கு, வேலின் டிஆர்என்ஏ. கைக்குக் கிடைச்சதை வெச்சு வீடு கட்டியிருக்கு. நம்ம கவினோட எம்ஆர்பிஎல்12 அந்தப் பெரிய பாதியில இருந்து தண்டு மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கும், அடியில எம்ஆர்பிஎல்10 பிடிச்சிருக்கும்.

உட்லண்ட்ஸ் கவின்:

எல்லாருக்கும் நன்றி, ஜெல் ஓட்டிட்டேன். சுத்தமா ஒரே பேண்டு, கீழ துண்டு ஒண்ணும் இல்ல, கேரியரும் இல்ல. பிஎஸ்ஏ பக்கத்துல வெச்சுப் பாத்தா டேட்டாஷீட்ல சொன்ன செறிவுக்குக் கிட்டத்தட்ட சரியா இருக்கு, நானோட்ராப்தான் ஏமாத்தியிருக்கு. சூப்பர்வைசருக்கு 46–198 விஷயத்தை ஈமெயில்ல போட்டேன், "ஓ, குட் பாயிண்ட், பிளாஸ்மிட் பண்ணு"ன்னு ஒரே வரி பதில்.

இப்ப ரெண்டு கேள்வி. இவ்வளவு காசு குடுத்து வாங்கின புரதத்தை இனி என்ன பண்றது? அப்புறம் பக்கத்து லேப்ல டெட்-ஆன் ஹீலா லைன் இருக்கு, டாக்ஸிசைக்ளின் போட்டா ஜீன் ஓப்பன் ஆகும், அதுல எம்ஆர்பிஎல்12 போட்டுக் குடுக்கறேன்னு ஒரு சீனியர் சொல்றாங்க, ஈஸியா முடிஞ்சிடும் இல்ல?

வெஸ்டர்ன் ப்ளாட் விரோதி:

அலாமாக்! டாக்ஸியா, உன் ப்ராஜெக்டுலயா! டாக்ஸிசைக்ளின் பாக்டீரியா ரைபோசோமை அடைக்கிற ஆன்டிபயாட்டிக், மைட்டோரைபோசோம் பாக்டீரியாவோட சொந்தக்காரன். டெட்-ஆன்ல வழக்கமா போடற அளவுலயே அது மைட்டோகாண்ட்ரியா ட்ரான்ஸ்லேஷனைத் தொந்தரவு பண்ணும், இதைப் பத்தி 2015லயே எச்சரிச்சு பேப்பர் வந்திருக்கு. நீ ரெஸ்க்யூ பண்றதுக்காகப் போடற மருந்தே காக்ஸ்1ஐ இறக்கிட்டு இருக்கும், நீ புரதம் வேலை செய்யலன்னு எழுதுவ. இதே காரணத்தாலதான் லினசோலிட்ங்கற ஆன்டிபயாட்டிக்கை ரொம்ப நாள் எடுத்துக்கற நோயாளிகள்ல சிலருக்கு லாக்டிக் அசிடோசிஸ் வர்றது, அதுவும் மைட்டோரைபோசோமைப் பிடிக்கும். வேற லேப்ல வேற ஜீனுக்கு டெட்-ஆன் அருமையான சிஸ்டம், மைட்டோரைபோசோம் ஆளுங்களுக்கு இல்ல. வேற வழியே இல்லன்னா டாக்ஸி அளவை முடிஞ்ச வரைக்கும் குறைச்சு, வெறும் வெக்டர் இருக்கற செல்லுக்கும் அதே அளவு டாக்ஸி போட்டு, அதோடதான் ஒப்பிடணும். என்னைக் கேட்டா சாதா சிஎம்வி ப்ரோமோட்டர் பிளாஸ்மிட், கொஞ்சமா போடு, போதும். எம்ஆர்பிஎல்12 ஓவரா போச்சுன்னாலும் ட்ரான்ஸ்க்ரிப்ஷன் பக்கம் ஏதாவது பண்ணும்னு ஞாபகம் வெச்சுக்கோ, அதனால வெஸ்டர்ன்ல செல்லோட அளவுக்குப் பக்கத்துல கொண்டு வரணும்.

தேக்கா புரோட்டீன்காரன்:

மிச்ச புரதத்துக்கு நிறைய வேலை இருக்கு தம்பி, வீணாகல.

செறிவு தெரிஞ்ச சரக்கு கையில இருக்கு இல்ல, அதை 1, 2, 5, 10, 20 நானோகிராம்னு வரிசையா ஏத்தி வெஸ்டர்ன்ல ஸ்டாண்டர்டு லைன் போடு, பக்கத்துல லைசேட் ஏத்து. நாக்டவுன்ல எத்தனை சதவீதம் குறைஞ்சது, ரெஸ்க்யூல செல்லோட அளவை விட எத்தனை மடங்கு ஏறிச்சுன்னு நானோகிராம்லயே சொல்லலாம், அக்கா கேட்ட அளவு கட்டுப்பாட்டுக்கு அதான் வழி. ஃபைனல் இயர் ரிப்போர்ட்ல இப்படி நம்பர் போட்டு எழுதறவங்க கம்மி. ஆன்டிபாடி நம்பகமானதான்னு காட்டணும்னா அதை முன்னாடியே இந்தப் புரதத்தோட ஊற வெச்சுட்டு ப்ளாட் போடு, ரெண்டு பேண்டும் மறைஞ்சா ஆன்டிபாடி இந்தப் புரதத்தைப் பிடிக்குதுன்னு தெரியும், ஆனா ரெண்டும் எம்ஆர்பிஎல்12தான்னு சொல்ல அது மட்டும் போதாது, நாக்டவுன்லயும் ரெண்டும் இறங்கணும்.

போலார்எம்டியோட ஒட்டுதான்னு புல்-டவுன் பண்ற ஆசை வந்தா நிக்கல் பீட்ஸ்ல இதைக் கட்டலாம், ஆனா டிடிடி இருக்கறதை அப்படியே போட்டா பீட்ஸ் பழுப்பாகிடும், முதல்ல சின்ன டீசால்ட்டிங் காலம் போட்டு டிடிடியை எடுத்துடு. வெறும் பீட்ஸ் கன்ட்ரோலும் சம்பந்தமே இல்லாத ஒரு ஹிஸ் டேக் புரத கன்ட்ரோலும் வேணும், லைசேட்ல ஹிஸ்டிடின் நிறைய இருக்கற புரதம் தானா வந்து ஒட்டும். பயோசென்சர் சிப்ல அமீன் கப்ளிங் பண்றதா இருந்தா ட்ரிஸ்ஸையும் தூக்கிட்டு ஹெப்பெஸ் பஃபருக்கு மாத்து, ட்ரிஸ்லயே அமீன் இருக்கு, உன் புரதத்துக்கு முன்னாடி அது போய் சிப்ல உக்காந்துடும். கையில இருக்கறது மொத்தமே அரை நானோமோல் சொச்சம்தான், அதுல ஏற்கனவே கொஞ்சம் ஜெல்லுக்குப் போச்சு, இந்த மூணுல எது வேணும்னு முடிவு பண்ணிட்டுத் தொடு, எனக்கு ஸ்டாண்டர்டு லைன்தான் முதல்ல.

உட்லண்ட்ஸ் கவின்:

ஸ்டாண்டர்டு லைன்தாண்ணே. டாக்ஸி லைன் வேணாம்னு சீனியர்கிட்ட சொல்லிட்டேன், முகம் சுருங்கிடுச்சு, அக்கா சொன்ன 2015 பேப்பரைத் தேடிக் குடுத்தப்புறம் அவங்க லேப்லயே ஒரு மைட்டோகாண்ட்ரியா அஸேயை நிறுத்தி வெச்சிருக்காங்க இப்ப. சி-முனை ஃபிளாக் பிளாஸ்மிட் யாராவது வெச்சிருக்கீங்களா, இல்ல ஜீனை ஆர்டர் போட்டுதான் பண்ணணுமா?

வெஸ்டர்ன் ப்ளாட் விரோதி:

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பிளாஸ்மிட் ரெப்பாசிட்டரில தேடு, கிடைச்சா மலிவு. கிடைக்கலன்னா ஜீன் சிந்தசிஸ்ல போடறப்பவே எஸ்ஐஆர்என்ஏ இடத்துல சைலன்ட் மாற்றம் போட்டு வாங்கிடு, 198 அமினோ அமிலம்னா கோடிங் 600 பேஸ்கூட வராது, சின்ன ஜீன்தான். வந்ததும் முழுசா சீக்வென்ஸ் பண்ணு, ஸ்டாப் கோடான் ஃபிளாகுக்கு அப்புறம் இருக்கான்னு பாரு. டெலிவரி திங்கள்ல இருந்து புதனுக்குள்ள.